ஜமாபந்தி: கணக்கும் திருத்தமும்

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாராமகாலும் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்கள் அதில் அடங்கும். அதன் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைத்தது. அவருடைய உதவியாளர் மூவரில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கிப் பணிபுரிந்தார். ஜமீன்தார் என்ற இடைநிலை இல்லாமல் குடியானவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது.

இம்முறையில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பதிவு வேண்டும். பரப்பு தவறலாம், பெயர் மாறலாம், புஞ்சை நஞ்சையாகிவிடலாம். எழுத்தில் நேர்ந்த பிழை குடியானவர் தலையில் வரியாக இறங்கியது. எனவே வரி வசூலோடு சேர்ந்து, பிழையைத் தேடிப்பிடிக்கும் ஏற்பாடும் வளர்ந்தது. ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி அதன் உச்சி. வருவாய்த் தீர்வாயம் என்பது இன்றைய அலுவலகப் பெயர்.

வேலை கிராமத்தில் தொடங்கும். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, பாசனம் எது என்று அன்று கிராமக் கணக்கரான கர்ணம் அடங்கலில் எழுதுவார். மேலதிகாரிகள் வயலுக்கே போய் அதைச் சரிபார்ப்பதற்கு அஸ்மாயிஷ் என்று பெயர். அடங்கலில் நெல் என்றிருந்து வயலில் கேழ்வரகு நின்றால், பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். பசலி ஆண்டு ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடியும். அது முடியும் தறுவாயில் அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேரும். கணக்குகளோடு நில அளவைச் சங்கிலியும் சோதனைக்கு வரும். வளையங்கள் தேய்ந்து நீண்டுபோன சங்கிலி, அளந்த நிலத்தையெல்லாம் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஏட்டை மட்டும் பார்த்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. கருவியையும் தணிக்கைக்கு உட்படுத்தியது ஜமாபந்தியின் சிறந்த அம்சம். குடிகள் மனுவோடு நேரில் நின்று கேட்க முடிந்ததும் அதற்கு நிகரானது.

பலவீனமும் இருந்தது. கர்ணம் வேலை பரம்பரையாக வந்ததால், எழுதியவரே விளக்கம் சொல்பவராகவும் இருந்தார். 1980 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தால் அப்பதவிகளை ஒழித்தது; பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள்.

1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் (யுடிஆர்) பழைய பதிவேடுகளைப் புதுப்பித்தது. அதிலேயே பெயர் விடுபட்டதும் உட்பிரிவு மாறியதுமாகப் புதுப் பிழைகள் புகுந்தன. 'யுடிஆர் பிழை' என்ற சொல் இன்றும் தாலுகா அலுவலகங்களில் அன்றாடம் புழங்குகிறது. பிறகு பதிவேடுகள் கணினிக்கு ஏறின. 'தமிழ் நிலம்' மென்பொருளில் பட்டா மாறுதல் மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் திரையிலேயே நகர்கிறது. ஆனால் ஏட்டில் இருந்த பிழை திரைக்கும் அப்படியே போகும். வயலைப் பார்க்காத சரிபார்ப்பு சரிபார்ப்பே ஆகாது.

பட்டா மாறுதல் உத்தரவில் குறை இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குமேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கோரலாம். ஜமாபந்தி இன்றும் தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் உள்ளிட்ட தாலுகாக்களில் நடக்கிறது. பட்டாவில் பிழை கண்டவர்கள் மூலப்பத்திரத்தோடு யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலையும் மனுவில் இணைத்துக் கொடுக்க வேண்டும்; பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதை அந்த நகல் காட்டிவிடும்.