பாய், நட்சத்திரம், பச்சைக் குன்று

விண்டோஸ் 95 கணினியோடு வந்த வால்பேப்பர்களில் ஒன்றின் பெயர் 'ஸ்ட்ரா மேட்'. ஒரு சின்னச் சதுரம்தான். திரை முழுக்க அடுக்கினால் பாய் விரித்த மாதிரி இருக்கும். 'கார்வ்டு ஸ்டோன்', 'ப்ளூ ரிவெட்ஸ்' என்று அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. யாரு வரைஞ்சாங்க? கோப்பில் பெயர் கிடையாது.

ஏன் சதுரம் என்று கேட்டால், நினைவகப் பஞ்சம். 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷின் திரை 512க்கு 342 பிக்சல். கறுப்பு வெள்ளையில்கூட அதை நிரப்பும் ஒரு படத்துக்கு 21,888 பைட் வேண்டும். இயந்திரத்தின் மொத்த நினைவகமே 128 கிலோபைட். ஆறில் ஒரு பங்கைச் சும்மா அலங்காரத்துக்கு யார் கொடுப்பார்? 8க்கு 8 சதுரம் என்றால் எட்டே பைட்டில் வேலை முடிந்தது. அந்த 64 புள்ளிகளையும் கன்ட்ரோல் பேனலில் பயனரே மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கணினியின் ஐகான்களை வரைந்த சூசன் கேரை இன்று எல்லோரும் கொண்டாடுகிறோம், சரிதான். எனக்கு என்னவோ அந்த 64 புள்ளிகள்தான் பெரிய விஷயம். காசு கொடுத்து வாங்கியவர் கைவைக்கவும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

1995இல் நெட்ஸ்கேப் 1.1 உலாவி, வலைப்பக்கத்துக்குப் பின்னணிப் படம் போட வழிசெய்தது. அதுவரை பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். 28.8 கிலோபிட் மோடம் நொடிக்கு அதிகம் போனால் 3.6 கிலோபைட் இறக்கும். பெரிய படம் போட்டால் வந்தவர் ஓடிவிடுவார். 2 கிலோபைட் சதுரமோ சட்டென்று வந்துவிடும், அடுக்குவதை உலாவி பார்த்துக்கொள்ளும். ஆனால் வலது ஓரம் இடது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் தையல் பல்லிளிக்கும். விஷயம் தெரிந்தவர்கள் படத்தைப் பாதியளவு நகர்த்தி, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கே தெரியும் வெட்டின் மேல் வரைந்து மறைப்பார்கள். இதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

செஞ்சவர் ஒருத்தர், எடுத்துப் போட்டுக்கிட்டவங்க ஆயிரம் பேர். ஜியோசிட்டீஸ் தளத்தின் தனிமனிதப் பக்கங்களில் கறுப்பு வானமும் நட்சத்திரங்களும் அப்படித்தான் பரவின. வடிவமைப்பு படித்தவர்கள் கண்றாவி என்று முகம் சுளித்தார்கள். இணையக் கலைஞர் ஒலியா லியாலினா 2005இல் எழுதிய கட்டுரையில் அதே நட்சத்திரங்களை வேறுவிதமாகப் படித்தார். வலையை விண்வெளிபோல, இனி வரப்போகும் ஒன்றாக மக்கள் கண்ட காலத்தின் தடயம் அது என்றார். நான் அவர் கட்சி.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு அந்தப் பச்சைக் குன்று வந்தது. 1996இல் சார்ல்ஸ் ஓரியர் கலிபோர்னியாவில் எடுத்த புகைப்படம், மைக்ரோசாஃப்ட் உரிமை வாங்கியது. அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எங்கே கைவைப்பது? அதைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஓரியருக்குப் பெயர் உண்டு, அதனால் அவர் படத்துக்கு வரலாறும் உண்டு. நட்சத்திரச் சதுரங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியபோது பெரும்பகுதி போயிருக்கும். 'ஆர்க்கைவ் டீம்' தன்னார்வலர்கள் அவசர அவசரமாக நகலெடுத்தார்கள். அதை எடுத்து லியாலினாவும் டிராகன் எஸ்பென்ஷீட்டும் பக்கம் பக்கமாகத் திரைப்பிடிப்பு எடுத்து வெளியிட்டார்கள். பல பக்கங்களில் குடும்பப் புகைப்படம் இருந்த இடத்தில் உடைந்த சட்டம்தான் இருக்கிறது. பின்னால் நட்சத்திரங்கள் அப்படியே இருக்கின்றன.