பட்டன் தைத்த செருப்பு

குடுமியை அறுத்தெறிய வேண்டும். பூணூலைக் கழற்றியெறிய வேண்டும். தோல் எடுத்துச் செருப்புத் தைத்துக் கொண்டுவர வேண்டும். பெண் கொடுப்பது பற்றிப் பேச்சு அதற்குப் பிறகுதான்!

இப்படி நிபந்தனை போட்டவர் வாலப்பகடை. மாடு காத்துப் பிழைத்தவர். சக்கிலியர் என்று அன்றும், அருந்ததியர் என்று இன்றும் அழைக்கப்படும் குலத்தவர். நிபந்தனையைக் கேட்டுத் தலையாட்டியவனோ முத்துப்பட்டன், பார்ப்பனன்! மனுவின் ஏட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த இந்தக் காட்சி, நாம் கட்டிய கற்பனையன்று. நெல்லைச் சீமையிலே வில்லடித்து, குடம் தட்டி, உடுக்கை ஒலிக்கத் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டுவரும் காதற் கதை. முத்துப்பட்டன் கதை என்பது அதன் பெயர்.

அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டைவிட்டுப் போனவன் பட்டன். கொட்டாரக்கரை அரசனிடம் ஊழியம் பார்த்தான். அழைத்துப்போக வந்த அண்ணன்மாருடன் திரும்பும் வழியிலே, காட்டில் பாட்டுக் குரல் கேட்டான், பொம்மக்கா, திம்மக்கா என்னும் உடன்பிறந்த நங்கையரைக் கண்டான், காதல் கொண்டான். (ஒருவனுக்கு இருவர் என்பதை நாம் ஒப்பவில்லை, அது தனி வழக்கு!) அண்ணன்மார் தடுத்தனர், அடைத்துவைத்தனர். தப்பி வந்தான். குடுமி போயிற்று, பூணூல் போயிற்று, கையிலே தோல் ஏறிற்று. மணம் முடிந்தது. மாமன் வீட்டு மாடுகளைக் கள்வர் கவர்ந்தபோது மீட்கச் சென்று மாண்டான். மனைவியர் இருவரும் தீயில் இறங்கினர்.

இந்தப் பாட்டை ஒருவர் ஒருமுறை பாடியதோடு விட்டாரில்லை. பாடினார்கள், மறுபடி பாடினார்கள். ஏட்டில் எழுதினார்கள், எழுதியதன்மேல் எழுதினார்கள். அப்படி எழுதியபோது நுழைந்தது ஒரு திருத்தம். என்ன திருத்தம்? பொம்மக்காவும் திம்மக்காவும் பகடையின் பெண்களே அல்லராம்! பார்ப்பனக் குலத்திலே பிறந்தவர்களாம், காட்டிலே விடப்பட்டவர்களாம், பகடை எடுத்து வளர்த்தாராம்!

பார்த்தீர்களா நுட்பத்தை! பாட்டைத் தடை செய்யவில்லை. பட்டனைப் பழிக்கவில்லை. பிறப்பை மட்டும் மாற்றினார்கள். பார்ப்பனன் பார்ப்பனப் பெண்களை மணந்தான் என்றான பின் கதையிலே என்ன இருக்கிறது? நெருப்பை அணைத்துவிட்டு அடுப்பை மட்டும் வைத்திருப்பது போலத்தான். இந்தக் கதையை ஆராய்ந்து பதிப்பித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. உயர்குலப் பிறப்பு என்பது பின்னாளில் ஒட்டிய ஒட்டு என்பது அவர் கண்ட முடிவு. ஏடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர் எவருக்கும் தையல் தெரியும்.

பட்டனுக்கு மட்டுமா இந்தத் திருப்பணி? பார்ப்பனப் பெண் ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயன் கதையைப் பாருங்கள். பறையர் குடியிலே வளர்ந்தவன் கடைசியில் சிவன் மைந்தனாகிவிட்டான். சாபத்தால் மண்ணுக்கு வந்தானாம். கொலை சாபவிமோசனமாயிற்று! கொன்றவர் மேல் குற்றமில்லை! 1941-இல் ஆர்யமாலா, 1958-இல் காத்தவராயன் என்று திரைக்கு வந்தபோதும் அந்தத் தெய்வப் பிறப்பு கூடவே வந்தது. மதுரைவீரன் கதையும் இதே வழிதான். 1956-இல் வந்த படத்திலே வீரனாக எம்.ஜி.ஆர்.; எடுத்து வளர்த்த செருப்புத் தைக்கும் தம்பதியாகக் கலைவாணரும் மதுரமும்; உரையாடல் அந்நாளில் நம் அணியில் நின்ற கண்ணதாசன். இத்தனை பேர் இருந்தும் வீரன் அரண்மனையிலே பிறந்த பிள்ளையாகத்தான் இருந்தான். கொட்டகை அதிரக் கைதட்டிய மக்கள், அவன் அந்தக் குடிசையிலேயே பிறந்திருந்தால் தட்டாமலா இருந்திருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிறப்பைத் திருத்தியவர்களின் எழுத்தாணி, பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்கிய இடத்தைத் தொடவேயில்லை. குலம் கலந்தது அவர்களுக்குக் கூசிற்று. பெண் எரிந்தது கூசவில்லை.

பழங்கதை, போகட்டும் என்பார் உண்டு. 1967-இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. 2016-இல் உடுமலைப்பேட்டையிலே, சாதி கடந்து மணந்த இளைஞன் பட்டப்பகலில் வெட்டப்பட்டான். அவனும் மேற்குலத்தில் பிறந்தவனே என்று பாட்டிலே திருத்தம் எழுத எவரும் வரவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. செத்துத் தெய்வமான பிறகுதான் குலமாற்றம்!

ஆனால் ஏட்டைத் திருத்தியவர்களால் ஒன்றைத் திருத்த முடியவில்லை. பாபநாசம் மலையிலே, காரையாறு பகுதியில், சொரிமுத்து அய்யனார் கோவில் இருக்கிறது. அதன் வளாகத்திலே பட்டவராயன் என்ற பெயரில் நிற்பவன் நம் முத்துப்பட்டன்தான். பொம்மக்காவும் திம்மக்காவும் உடனிருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாக வருவோர் அவனுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவது தேங்காயும் பழமும் மட்டுமல்ல, செருப்பு! தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன நாட்டிலே, சன்னதி முன்னாலே தோற்செருப்பு தொங்குகிறது. மணப்பெண்கள் பார்ப்பனப் பிள்ளைகள் என்றால், மாப்பிள்ளைக்கு எதற்காகச் செருப்பு? ஒட்டுப் போட்டவர்கள் பதில் எழுதி வைக்கவில்லை.

தொங்கவிட்ட செருப்பு அடுத்த ஆண்டு தேய்ந்திருக்குமாம். பட்டவராயன் போட்டுக்கொண்டு காட்டிலே நடக்கிறானாம். மலைக்காட்டு மழையும் வெயிலும் ஓராண்டில் தோலை என்ன செய்யும் என்று, செருப்புத் தைக்கும் தோழர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.