டானியின் வரலாற்று நோக்கும் தொழிலாளர் வகுப்பும்

இங்கிலாந்தின் பொருளியல் வரலாற்றை எழுதியோருள் ஆர். எச். டானி (1880-1962) தனியிடம் பெற்றவர். அவர் பிறந்த ஊர் கல்கத்தா. கதாசரித்சாகரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த சி. எச். டானியே அவர்தம் தந்தையார் என்பது கதையிலக்கியம் பயில்வோர் அறிந்து மகிழத்தக்கது.

1908ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் சார்பில் தொழிலாளர்க்கென வகுப்புகள் தொடங்கப்பெற்றன. மட்கலத் தொழில் மிக்க லாங்டனிலும் பஞ்சாலைகள் நிறைந்த ராச்டேலிலும் டானி ஆசிரியராய் அமர்ந்தார். ஒரு மணி நேரம் விரிவுரை. அடுத்த மணி நேரம் வினாவும் வாதமும். மூன்றாண்டுப் பயிற்சியில் மாணாக்கர் கட்டுரைகளும் எழுதுதல் வேண்டும். ஆசிரியர் கூறியதை அவ்வாறே ஏற்றுக்கொள்ளும் மாணாக்கர் அல்லர் அவர்கள்.

பதினாறாம் நூற்றாண்டின் நிலச்சிக்கலை ஆராயும் அவரது நூல் (1912) இக்காலத்தே உருவாயிற்று. நெசவாளரும் மட்கலத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் தமக்குக் கற்பித்தனர் என முன்னுரையில் அவர் நன்றி பாராட்டுகின்றார். இதனை முகமன் உரை என ஒதுக்குதல் பொருந்தாது. கூலியன்றி வேறு பிழைப்பற்ற மக்கள் எவ்வாறு தோன்றினர் என்பதே அவ்வகுப்பினர் வாழ்வு எழுப்பிய வினா. நூலின் வினாவும் அதுவேயாம்.

கம்பளி வாணிகத்தால் உழுநிலம் ஆட்டு மேய்ச்சல் நிலமாயிற்று என்பது முன்னரே பலரும் கூறியது. டானியோ குடிகளின் உரிமைச் சான்றுகளை நுணுகி நோக்கினார். பண்ணை மன்றத்து ஏட்டின் படியைச் சான்றாகக் கொண்டு, ஊர் வழக்கால் நிலம் உழுதோர் மிகப் பலர். தந்தைக்குப்பின் மகன் நிலம் பெறும்போது நிலக்கிழாருக்குப் புகுதொகை செலுத்துதல் வேண்டும். அத்தொகைக்கு வழக்கு வரம்பு கட்டாத பண்ணைகளில் நிலக்கிழார் அதனை உயர்த்தினால், ஏட்டில் உரிமை இருந்தும் நிலம் கைவிட்டுப் போகும்.

இக்குடிகளுக்கு நீதிமன்றம் அளித்த பாதுகாப்பு டானி கருதியதினும் மிகுதி என எரிக் கெரிட்ஜ் 1969இல் மறுத்தெழுதினார். மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும், அப்பாதுகாப்பு எளிய குடியானவன் கைக்கு எட்டிற்றா எனும் வினா அதனால் ஒழியவில்லை என்பதே எம் கருத்து.

நிகழ்காலத்தையும் டானி இம்முறையிலேயே ஆராய்ந்தார். இரத்தன் டாட்டா வழங்கிய பொருளால் இலண்டனில் அமைந்த வறுமை ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்தபோது, 1909ஆம் ஆண்டுச் சட்டத்தால் சங்கிலித் தொழிலுக்கு வரையறுக்கப்பெற்ற குறைந்த அளவுக் கூலியின் விளைவை ஆய்ந்து 1914இல் வெளியிட்டார். சிறு உலைக்களங்களில் சங்கிலி வளையம் அடித்த பெண்டிர்க்குக் கூலி உயர்ந்தது. தொழில் அழிந்துபடும் என்று அஞ்சியோர் கூற்றோ மெய்யாகவில்லை.