பரணும் மச்சானும்

என் அப்புச்சி கட்டிய பரணைப்போல் சௌகரியமான பரணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். "நீங்கள் மொத்தம் எத்தனை பரண் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறாள். ஒன்றுதான். ஆனாலும் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வதாக இல்லை.

அந்தியூருக்கு மேற்கே, பர்கூர் மலை இறங்கி வந்து சமதரையோடு சேருகிற இடத்தில் அப்புச்சிக்கு மூன்று ஏக்கர் கடலைக்காடு இருந்தது. காய் பிடிக்கும் பருவத்தில் மலையிலிருந்து பன்றிகள் இறங்கும். ஒரு கூட்டம் ஓர் இரவு தங்கிவிட்டுப் போனால், காலையில் அந்த நிலம் உழுது போட்டதுபோல் கிடக்கும். ஆகவே பரண். அதற்காக அப்புச்சி ஒரு காசும் செலவழிக்கவில்லை என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை. நான்கு கால்களும் வேலமரம். குறுக்கே போட்டது அச்சு முறிந்த கட்டை வண்டியின் ஏர்க்கால். அதன்மேல் ஒரு கால் உடைந்த கயிற்றுக் கட்டில். பரண்மேல் ஏறிவிட்ட கட்டிலுக்குக் கால் எதற்கு? கூரை பனை ஓலை. மழைச்சாரல் அடிக்கிற மேற்குப் பக்கத்துக்கு மட்டும் யாரோ ஓர் அபேட்சகருடைய தேர்தல் துணி. அவர் தோற்றுப்போனவர். "செயிச்சிருந்தா துணியக் குடுத்திருப்பானா?" என்பார் அப்புச்சி. ஏணிக்குப் பதில் படிப்படியாக வெட்டுப் போட்ட தென்னந்துண்டு. கையெட்டும் தூரத்தில் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின், அதைத் தட்ட ஒரு குச்சி. தலைமாட்டில் செம்புத் தண்ணீர்.

அந்தப் பரணில் அவரோடு நான் படுத்த இரவுகள் ஏழெட்டு இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது. பின்னாளில் புத்தகங்களில் எங்கே யார் மறைந்திருந்தாலும் என் மனம் அந்த ஒற்றைக்கால் போன கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கட்டுரையும் அப்படி வந்ததுதான்.

பரண் நமக்குப் புதிதல்ல. சங்கப் பாட்டுக்களில் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனம் காக்க ஏறி உட்கார்ந்த மேடைக்கு இதணம் என்று பெயர். கழுது என்றும் சொல்வார்கள். கிளி ஓட்டுவதற்குத் தழல், தட்டை, குளிர் என்று தனித்தனிக் கருவிகள் வைத்திருந்தார்கள். அப்புச்சியின் மண்ணெண்ணெய் டின் அந்தப் பரம்பரையில் வந்த கடைசி வாரிசு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: அந்தப் பெண்கள் பரணில் மறைந்திருக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி, எல்லாக் கிளிக்கும் கேட்கும்படி உட்கார்ந்திருந்தார்கள். தலைவன் வந்து நிற்பதற்கும் அதுதானே சௌகரியம்!

மறைந்திருக்கிற பரண் வேறு. அதற்கு வடக்கே மச்சான் என்று பெயர். வெள்ளைக்கார வேட்டைக்காரர்களும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஜிம் கார்பெட் இரவு முழுவதும் மச்சான்மேல் உட்கார்ந்திருந்தார் என்று இங்கிலீஷில் வாசித்துவிட்டு, பாவம் யார் அந்த மச்சான் என்று சிறிது நேரம் திகைத்தது உண்டு.

சாதாரண மச்சான் என்பது நாலு கிளைகளுக்கு நடுவே தூக்கிக் கட்டிய ஒரு கயிற்றுக் கட்டில்தான். கிராமத்தில் யாரிடமாவது இரவல் வாங்குவது. சுற்றிலும் இலை தழையை ஒடித்துச் செருகிக்கொள்வது. கார்பெட்டுக்குப் பல சமயம் அதுகூடக் கிடைத்ததில்லை. கார்வால் மலையில் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றது. இது சர்க்கார் கணக்கு. கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் போகிற யாத்திரிகர் வழி அது. அலகநந்தா நதியின்மேல் இருந்த தொங்கு பாலத்தைத்தான் சிறுத்தை கரை மாறப் பயன்படுத்துகிறது என்று கணித்து, பாலத்தின் கோபுரத்து உச்சியில் கார்பெட் இருபது இரவுகள் உட்கார்ந்தார். கூரை இல்லை, சாய்மானம் இல்லை. காற்று ஆளைத் தள்ளும், எறும்புகள் வேறு. இருபது இரவிலும் அந்தப் பாலத்தைக் கடந்தது ஒரே ஒரு நரி.

இன்னொரு முறை ஒரு மரத்தைச் சுற்றிக் குவித்திருந்த வைக்கோற்போரின்மேல் ஏறி உட்கார்ந்தார். நடு இரவில் மழை பிடித்துக்கொண்டது. சிறுத்தைக்கும் நனையப் பிடிக்காதுபோலும். அது வந்து அதே வைக்கோற்போருக்கு அடியில் ஒதுங்கிப் படுத்துக்கொண்டது. மேலே அதைக் கொல்ல வந்தவர். கீழே அவர் கொல்ல வந்த சிறுத்தை. நடுவே கொஞ்சம் வைக்கோல். வைக்கோல் சரசரப்பதை அவர் காதால் கேட்டுக்கொண்டிருந்தார், சுட வழியில்லை. நான் கதை எழுதுகிறவன். இப்படி ஒரு காட்சியை நானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.

கடைசியில் 1926 மே மாதத் தொடக்கத்தில், குலாப்ராய் என்ற இடத்தில் யாத்திரிகர் தங்குகிற கொட்டகைக்கு அருகே ஒரு மாமரத்தில் பரண் கட்டி, கீழே ஓர் ஆட்டை மணியோடு கட்டிவைத்து, பத்து இரவு வீணாகி, பதினோராவது இரவில் அதைச் சுட்டார். ஆடு பிழைத்தது. விடிந்தபின் பார்த்தால், அத்தனை ஜில்லாவையும் நடுங்க வைத்தது ஒரு கிழட்டுச் சிறுத்தை. அது இயற்கையின் சட்டப்படி ஒரு குற்றமும் செய்யவில்லை, மனிதனுடைய சட்டப்படிதான் குற்றவாளி என்ற கருத்தில் கார்பெட் பிறகு எழுதினார். ஜயித்தவன் பேச்சாக அது எனக்குப் படவில்லை.

நமக்கு இது பழைய வழக்கு. மறைந்து நின்று வாலியைக் கொன்றது சரியா என்று பட்டிமன்றம் நடத்தாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? வள்ளுவரும், தவவேடத்தில் ஒளிந்துகொண்டு தகாததைச் செய்கிறவனைச் சொல்ல வந்தபோது, புதருக்குப் பின்னால் ஒளிந்து பறவை பிடிக்கிற வேடனையே உவமையாக எடுத்துக்கொண்டார். வேடனுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். அவன் பசிக்குப் பிடிக்கிறான். ஆனால் ஒளிந்திருக்கிறவன் என்றாலே நம்மவர்களுக்கு ஏதோ ஒரு கசப்பு நாக்கில் தட்டிவிடுகிறது.

பசிக்கு இல்லாமல் பெருமைக்கு மறைந்திருந்தவர்களும் உண்டு. பரத்பூர் சமஸ்தானத்தில் கேவலாதேவ் ஏரிப்பக்கம் மகாராஜா தம் விருந்தாளிகளுக்கு வாத்து வேட்டை நடத்துவார். மரத்தில் தொங்க வேண்டாம், எறும்பு கடிக்க வேண்டாம். அவரவர் அந்தஸ்துக்குத் தக்கபடி மறைவிடம் ஒதுக்கியிருக்கும். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்த அன்று ஒரே நாளில் விழுந்த பறவைகள் 4,273. எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு நிலம் விட்டவர்கள் பெயரை வெட்டுவதுபோல், எந்தத் தேதியில் யார் வந்து எத்தனை கொன்றார்கள் என்ற பட்டியல். அந்தக் கல் இன்னும் இருக்கிறது. சுற்றியுள்ள ஏரி பறவைகளின் சரணாலயமாகி, 1985-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கல்லுக்கு வெட்கம் இல்லை. அதன்மேல் பறவை வந்து உட்காருவதும் உண்டாயிருக்கும்.

துப்பாக்கி இல்லாமல் மறைந்திருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்ற அண்ணன் தம்பிகள். அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு கால் ஊனம். 1892-இல் ஒரு குருவிக்கூட்டை முட்டைகளோடு படம் பிடித்ததிலிருந்து இருவருக்கும் பித்து ஏறிவிட்டது. பறவை அஞ்சாமல் பக்கத்தில் வரவேண்டுமே, என்ன செய்வது? பறவை மாட்டுக்குப் பயப்படுவதில்லை என்று கண்டார்கள். உடனே ஒரு மாட்டுத்தோலை வாங்கி, மரச்சட்டத்தின்மேல் போர்த்தி, உள்ளே ஆள் நிற்கும்படி ஒரு பொய் மாடு செய்துவிட்டார்கள். கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் கால்கள், காமிராவுக்கு ஒரு துவாரம். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரைக்காரன் பார்த்திருந்தால், இதில் என்ன அதிசயம் என்று கேட்டிருப்பான். ஆனால் அவன் மேளத்துக்கு ஆடுகிறான். இவர்கள் அசையாமல், குனிந்தபடி, மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஒரு நாள் உள்ளே இருந்தவர் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். மாடு நாலு காலையும் ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு கிடந்தது. திரும்பி வந்த சகோதரர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் அதை ஒரு படம் எடுத்தார். உடன்பிறப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

பொய் ஆடு ஒன்றும், பொய் மரத்துண்டு ஒன்றும்கூடச் செய்தார்கள். சௌகரியம் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாட்டின் வயிற்றுக்குள்ளிருந்து பார்க்கப்பட்ட எந்தப் பறவைக்கும் ஓர் இறகுகூட உதிரவில்லை.

சௌகரியத்தின் உச்சி என்றால் அது ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில், அபெர்டேர் மலைக் காட்டில் கட்டிய ட்ரீடாப்ஸ். எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்பவர் 1932-இல் ஒரு பெரிய அத்திமரத்தின் உச்சியில் இரண்டு அறை கட்டினார். கீழே நீர்நிலை, யானையும் காண்டாமிருகமும் வந்து குடிக்கும். மேலே விருந்தாளிகள். இந்தியாவை விட்டுப்போன கார்பெட் அதற்குப் பக்கத்து ஊரான நியேரியில்தான் குடியிருந்தார். 1952 பிப்ரவரி 5-ஆம் தேதி இரவு இளவரசி எலிஸபெத் அங்கே தங்கியபோது, எழுபத்தாறு வயதுக் கிழவர் துப்பாக்கியோடு ஏணித் தலைப்பில் காவல் உட்கார்ந்தார். மறுநாள் விடியும்போது இங்கிலாந்தில் ஸாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தார். இளவரசியாக மரத்தில் ஏறியவர் ராணியாக இறங்கினார் என்று கார்பெட் சொன்னதை உலகம் முழுவதும் திரும்பச் சொல்லிற்று.

அதற்குப்பின் நடந்ததை உலகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த அத்திமரத்தின் ஜாதிக்கு முகுமோ என்று பெயர். கிக்குயூ மக்கள் அதன் அடியில் தொழுவார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கென்யாவில் அவசர நிலை பிரகடனமாயிற்று. மௌ மௌ கலகக்காரர்கள் அந்த அபெர்டேர் காட்டிலேயே ஒளிந்திருந்தார்கள். கட்டிலும் மெத்தையும் இல்லாத மறைவிடங்கள் அவை. 1954-இல் அவர்கள் வந்து ட்ரீடாப்ஸை எரித்துவிட்டார்கள். மேலே மறைந்திருந்து காட்டைப் பார்த்தவர்களை, காட்டில் மறைந்திருந்தவர்கள் எத்தனை நாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ! அடுத்த ஆண்டு கார்பெட் இறந்தார்.

அவரைப் பற்றி இன்னும் ஒன்று. இந்தியாவில் இருந்தபோதே அவர் துப்பாக்கியிலிருந்து காமிராவுக்கு மாறத் தொடங்கினார். காட்டிலாகா அதிகாரி சாம்பியன் என்பவர் எடுத்த புலிப் படங்கள்தான் தூண்டுதல். சினிமா காமிரா ஓடும்போது எழும் கரகரப்பு புலியை விரட்டிவிடுகிறதே என்று யோசித்து, 1930-களின் கடைசியில் ஒரு சிற்றோடையில் சின்னச் சின்ன அணைகள் கட்டினார். தண்ணீர் விழுகிற சத்தத்தில் இயந்திரத்தின் சத்தம் அமுங்கிப்போகும். மாதக்கணக்கில் பாடுபட்டுப் புலிகளைப் படம் பிடித்தார். கல்லும் மண்ணும் ஓடைநீரும்தான் சாமான். அப்புச்சி பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

அப்புச்சி என்றதும் அந்த இரவு ஞாபகத்துக்கு வருகிறது. நல்ல நிலவு. பன்றிகள் வரவில்லை. "ஏனுங்க அப்புச்சி, நீங்க துப்பாக்கி வெச்சிருந்தீங்களாமே?" என்று கேட்டேன். வீட்டில் அம்மா சொல்லியிருந்தாள்.

"வெச்சிருந்தேன். லைசென்ஸ் துப்பாக்கி. உங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடி."

"அப்புறம்?"

வெகுநேரம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"இதே மாதிரி ஒரு பரண்லதான் கண்ணு. புள்ளிமான் ஒண்ணு தண்ணிக்கு வந்துச்சு. சுட்டேன். உடனே உளுகலெ. எங்கிருந்து வந்துச்சுன்னு இந்தப் பக்கம் பாக்குது, அந்தப் பக்கம் பாக்குது. மேலெ மட்டும் பாக்கவேயில்லெ."

அவ்வளவுதான் சொன்னார். அந்த மானைத் தின்றார்களா, துப்பாக்கியை எப்போது ஒப்படைத்தார் என்று கேட்க எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காட்டோரம் ஏதோ சரசரத்தது. தாய்ப்பன்றி ஒன்றும் குட்டிகள் நாலைந்தும். அப்புச்சி குச்சியை எடுத்தார். எடுத்தவர் டின்னைத் தட்டாமல் வைத்திருந்தார். குட்டிகள் முதல் சாலில் இறங்கி மூக்கால் மண்ணைக் கிளறின. ஒரு சால் போயிற்று. இரண்டாவது சால் பாதி போயிற்று. பிறகுதான், கட்டில்மேல் எழுந்து நின்று, நிலவில் தம் உருவம் முழுவதும் தெரியும்படி, டின்னைத் தட்டினார். தாய்ப்பன்றி நிமிர்ந்து நேராக எங்களைப் பார்த்தது.

போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். காடு மாமாவின் மகன் கையில் இருக்கிறது. கடலையை விட்டு மரவள்ளிக்கு மாறிவிட்டான். பரண் இருந்த இடத்தில் வேலமரக் கால் ஒன்று மட்டும் துளிர்த்து மரமாகி நிற்கிறது. எல்லைக்கு அப்பால், வனத்துறை வழித்தடத்தில் ஒரு மரத்தில் கையகலப் பெட்டி ஒன்றை வார்போட்டுக் கட்டியிருந்தார்கள். தானாகப் படம் பிடிக்கும் காமிரா. 2018-ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்புக்கு மட்டும் இந்தியா முழுவதும் 26,838 இடங்களில் இப்படிக் கட்டினார்களாம். அதற்குள் ஆள் கிடையாது. எறும்பு கடித்தாலும் தெரியாது.

"முன்னாடி நின்னீங்கன்னா உங்களையும் புடிச்சிருமுங்க மாமா," என்றான் பையன்.

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன்.