குறைந்த உடைமையும் நிறைந்த மனமும்

பொருட்பற்றை விட்டாரைப் போற்றுதல் நம் முன்னோர் மரபு. திருப்புகலூரிலே உழவாரப் பணி செய்துகொண்டிருந்த திருநாவுக்கரசு நாயனார், புல் செதுக்கிய இடத்தே மின்னிய பொன்னையும் மணியையும் பருக்கைக் கற்களோடு ஒப்ப எண்ணி வாரி வாவியிலே எறிந்தார் எனப் பெரியபுராணம் கூறுவதை நாமெல்லாம் சிறு பிராயந் தொட்டே கேட்டிருக்கின்றோம். ஆயினும் இக்கதையைக் கேட்குந் தோறும் இளைஞர் உள்ளத்தே ஓர் ஐயம் எழுவதுண்டு. நாயன்மார் செய்தது நாயன்மார்க்கே ஆகும். தொழில் செய்து, மனைவி மக்களோடு வாழ்ந்து, நாளைக்கு என்ன வருமோ என்று அஞ்சும் நம்மனோர்க்கு அஃது ஆகுமா? இவ்வையத்துக்கு விடை காண விரும்புவோர், நமக்கு அண்மைக் காலத்திலே இல்லறத்தில் வாழ்ந்து, தமது செலவுக் கணக்கையும் மறையாது எழுதிவைத்துச் சென்ற ஒருவருடைய வரலாற்றை ஆராய்தல் நன்று. அவரே காந்தியடிகள்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி பிறவித் துறவியல்லர். சட்டம் பயிலும் பொருட்டு 1888 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இலண்டனுக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது பத்தொன்பது நிறையவில்லை. அந்நகரத்துக் கனவான்களைப் போலத் தாமும் விளங்கவேண்டும் என்னும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. 19 சிலிங் கொடுத்து உயர்ந்த தொப்பி ஒன்று வாங்கினார். பொண்ட் வீதித் தையற்காரரிடம் 10 பவுணுக்கு மாலையுடை தைப்பித்தார். கடிகாரத்துக்கு இரட்டைப் பொற்சங்கிலி வேண்டுமென்று தமையனாருக்கு எழுதிப் பெற்றுக்கொண்டார். நடனம் பயில 3 பவுண், வயலின் வாங்க 3 பவுண், மேடைப் பேச்சுப் பழக ஒரு கினி என்று பணம் கரைந்தது. இவையெல்லாம் பகைவர் கூறியவை அல்ல. ‘சத்திய சோதனை’ என்னும் சுயசரிதையிலே அடிகள் தாமே எழுதியவை.

இம்மோகம் மூன்று மாதமளவே நீடித்தது. ‘நாம் வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்திலா இருக்கப் போகிறோம்? தமையனார் வருந்தி அனுப்பும் பணத்தை இவ்வாறு செலவிடுதல் தகுமா?’ என்னும் கேள்வி அவர் மனத்தை உறுத்தியது. அன்றுதொட்டு ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதலானார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார். அடுப்பு ஒன்று வாங்கித் தாமே காலையுணவு சமைத்தார். வண்டிக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். நாளொன்றுக்கு உணவுச் செலவு 1 சிலிங் 3 பென்ஸ் அளவிலே அடங்கிற்று. இவ்வாறு சுருங்கிய பின்னரே தமது வாழ்வு மெய்ம்மையுடையதாயிற்று என்றும், உள்ளத்திலே அளவிலா மகிழ்ச்சி தோன்றிற்று என்றும் அவர் குறிப்பிடுகின்றார். நாம் ஈண்டு ஊன்றிக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. மகிழ்ச்சியைத் தேடி அவர் செலவைக் குறைத்தாரல்லர். பிறர் உழைப்பிலே தாம் வாழ்வதை உணர்ந்து குறைத்தார்; மகிழ்ச்சி தானே வந்தது.

1893 இல் தென்னாபிரிக்காவுக்குச் சென்று, ஆண்டுகள் சில கழியப் பெருவருவாயுள்ள நியாயவாதியாக அவர் விளங்கினார். பணம் பெருகிய அக்காலத்திலேதான் தம் உடையைத் தாமே வெளுக்கத் தொடங்கினார். முதன்முறை தோய்த்த கழுத்துப்பட்டையிலே கஞ்சி மிகுந்து, நீதிமன்றத்தில் நின்றபோது உதிர்ந்தது, தோழர் நகைத்தனர். பிரிட்டோரியா நகரிலே வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் அவருக்கு முடிவெட்ட மறுத்தபோது, கத்தரி வாங்கித் தாமே வெட்டிக்கொண்டார். பின்புறம் எலி கறித்தாற்போல இருந்தது கண்டு மறுபடியும் நகைத்தனர். பிறர் நகைப்புக்கு அஞ்சாமை எளிய வாழ்வுக்கு முதற்படி போலும்! நம்மில் எத்தனை பேர் தேவைக்காகப் பொருள் வாங்குகிறோம், எத்தனை பேர் அயலவர் கண்ணுக்காக வாங்குகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

அடிகளின் வாழ்விலே உடைமை பற்றிய பெருஞ்சோதனை நிகழ்ந்தது 1901 ஆம் ஆண்டிலாகும். அவர் தாயகம் திரும்ப முனைந்தபோது, நேற்றாலிலே வாழ்ந்த இந்தியர்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசில்களை வழங்கினர். அவற்றுள் ஒன்று கஸ்தூரிபா அம்மையாருக்கென்றே கொடுக்கப்பட்ட 50 கினி பெறுமதியுள்ள பொன்னாரம். அன்றிரவு அடிகளுக்குத் தூக்கம் வரவில்லை. பொதுச் சேவைக்குக் கூலி பெறலாமா என்று சிந்தித்தவராய் அறையிலே உலாவினார். விடியுமுன், பரிசில்களையெல்லாம் சமூகத்துக்கே உரிமையாக்குவதெனத் தீர்மானித்து, பார்சி ருஸ்தம்ஜி முதலியோரைத் தருமகர்த்தாக்களாக நியமித்துக் கடிதமும் வரைந்துவிட்டார்.

பிள்ளைகள் உடன்பட்டனர், அம்மையார் உடன்படவில்லை. தமக்கு நகை வேண்டாமாயினும் நாளை வரும் மருமக்களுக்கு என்ன செய்வது என்று கேட்டார். தம் ஆரத்தின்மேல் கணவருக்கு என்ன உரிமை என்றும் கேட்டார். உமது சேவைக்காக வந்ததோ, எனது சேவைக்காக வந்ததோ என அடிகள் வினவ, இரவு பகலாக உமக்கு உழைத்த என் பாடு சேவையாகாதோ என்று கண்ணீரோடு விடையிறுத்தார். அச்சொற்கள் தம்மைத் தைத்தன என அடிகளே ஒப்புகின்றார். எனினும் எவ்வாறோ வற்புறுத்தி இசைவு பெற்றார். இந்நிகழ்ச்சியை வரலாற்று மாணவர் இருபுறமும் நோக்குதல் வேண்டும். பொதுத்தொண்டு செய்வோன் கையூறு பெறாத தூய்மையனாதல் வேண்டும் என்பது பேருண்மை. ஆனால், ஒருவன் துறக்கும்போது அவன் வீட்டாரும் துறக்க நேர்கிறது. அவர்களுடைய நியாயத்தைக் கேளாத துறவு நிறைவுடையதாகாது என்பதும் உண்மையே. அம்மையார் கேட்ட கேள்விக்கு அன்று தக்க விடை கிடைத்தது என நாம் துணிந்து கூறமாட்டோம்.

இலண்டனிலே மாணவராயிருந்த காலத்திலேயே அடிகள் கீதையையும் விவிலியத்து மலைப்பிரசங்கத்தையும் படித்திருந்தார். மிஷன் பாடசாலைகளிலே கற்ற நம் போன்றார்க்கு, பூமியிலே பொக்கிஷம் சேர்க்கவேண்டாம் என்னும் கருத்தும் ‘அபரிக்கிரகம்’ என்னும் சொல்லும் வேறு வேறு வாயில்களால் வந்து சேர்ந்தன. அவருடைய உள்ளத்திலே அவை ஒன்றாயின. 1903 அளவிலே ஜொகன்னஸ்பேர்க் நகரில் கீதையை ஆழ்ந்து கற்றபோது அபரிக்கிரகம், சமபாவம் என்னும் இரண்டு சொற்கள் அவரை ஆட்கொண்டன. பதஞ்சலி முனிவர் இயமங்கள் ஐந்தனுள் ஒன்றாக வைத்ததும், சமணர் ஐம்பெரு விரதங்களுள் ஒன்றாகக் கொண்டதும் இவ்வபரிக்கிரகமே. மனைவியும் மக்களும் உடைமையாவரோ? நூல் நிறைந்த பெட்டிகளைக் கொளுத்தவேண்டுமோ? என்று அவர் தம்மைத்தாமே கேட்டார். தாம் கற்ற ஆங்கிலச் சட்டமே வழிகாட்டிற்று. தருமகர்த்தா ஒருவர் கையிலே பெருஞ்செல்வம் இருக்கலாம். அதில் ஒரு காசும் அவருடையதன்று. இவ்வாறே மனிதன் தன் பொருளைக் கருதவேண்டும் எனத் தெளிந்தார். உடனே, பம்பாயிலே எடுத்திருந்த 10,000 ரூபா ஆயுட் காப்புறுதியைக் கைவிட்டார். இனித் தம் மிச்சப் பணம் சமூகத்துக்கே உரியதெனத் தமையனாருக்கு எழுத, அவர் பெரிதும் மனம் நொந்தார்.

கொள்கை பின்னர்க் குடியிருப்பாக மலர்ந்தது. 1904 இல் ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து டேர்பனுக்கு இரயிலிற் சென்றபோது போலக் என்னும் நண்பர் கொடுத்த றஸ்கினுடைய நூலைப் படித்தார். அவ்வாண்டே டேர்பனுக்கு 14 மைல் தொலைவிலே பீனிக்ஸ் குடியிருப்பை அமைத்தார். ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை அங்கே அச்சாயிற்று. அச்சுக்கோப்பவராயினும் ஆசிரியராயினும் மாதம் 3 பவுணே ஊதியம். 1910 இல் கலன்பாக் என்னும் நண்பர் உதவிய 1,100 ஏக்கர் நிலத்திலே டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே சமையல், தச்சு, செருப்புத் தைத்தல் ஆகியவற்றைத் தாமே செய்தன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. பிள்ளைகளுக்குத் தமிழெழுத்தை அடிகளே கற்பித்தார். சிறைசென்றோர் குடும்பங்களைக் குறைந்த செலவிலே காப்பாற்றிய இப்பண்ணையின்றி அப்போராட்டம் நெடிது நின்றிருத்தல் அரிது. குறைந்த உடைமை ஆன்ம இலாபம் மாத்திரமன்று, அரசியல் வலிமையுமாம் என்பதற்கு இதுவே சான்று.

தமிழ் மண்ணிலே நிகழ்ந்த மாற்றம் யாவரும் அறிந்தது. 1921 ஆம் ஆண்டு செப்டெம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு இரயிலிற் சென்ற அடிகள், கதர் அணியுமாறு உடன் வந்தோரை வேண்டினார். கதர் வாங்க எமக்கு வகையில்லை என்று அவர்கள் விடை கூறினர். முழு உடையோடு நின்று அவ்வேழைகளுக்கு அறிவுரை சொல்லத் தமக்குத் தகுதியில்லை என அவர் உணர்ந்தார். 22 ஆந் தேதி மதுரையில் தொப்பியையும் மேற்சட்டையையும் நீக்கி அரைத்துண்டு அணியத் தொடங்கினார். ஒக்டோபர் 31 ஆந் தேதி வரைக்குமாவது என்றே முதலில் அறிவித்தார்; அது வாழ்நாள் விரதமாக நிலைத்தது.

அவ்வுடையோடுதான் 1927 நொவெம்பரில் நம் நாட்டுக்கும் வந்தார். ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று, கதர் நிதி திரட்டும் பொருட்டு, கஸ்தூரிபா அம்மையாரோடும் இராஜாஜியோடும் வந்த அவர், அம்மாதம் 26 ஆந் தேதி முதல் 29 ஆந் தேதி வரை யாழ்ப்பாணத்திலே தங்கிக் கல்லூரிகள் பலவற்றிற் பேசினார். அழைத்தவர்களுட் பலர் நம் வயதினரான இளைஞர் என்பதும், இந்து மாணவரும் மிஷன் கல்லூரி மாணவரும் அதிலே கைகோத்து நின்றனர் என்பதும் நமக்குப் பெருமை தருவன.

1931 இல் வட்டமேசை மகாநாட்டுக்காக அடிகள் இலண்டன் சென்றார். விடுதிகளை விரும்பாது, கிழக்கு இலண்டனிலே ஏழைகள் வாழும் பகுதியிலுள்ள கிங்ஸ்லி மண்டபத்திற் சிறு அறையொன்றிலே தங்கினார். அந்நிய ஆடை மறுப்பினால் தொழிலிழந்த இலங்காஷயர் நெசவாலைத் தொழிலாளரைக் காணச் சென்றபோது, அவர்கள் அவரைச் சினவாது ஆரவாரித்து வரவேற்றனர். நொவெம்பர் 5 ஆந் தேதி அரைத்துண்டும் போர்வையுமாய் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மாளிகைக்குச் சென்றார். 19 சிலிங் தொப்பி அணிந்த இளைஞன் மதிப்புத் தேடி அலைந்த நகரம் அதுவே. நாற்பத்துமூன்று ஆண்டு கழித்து, ஒன்றுந் தேடாதவராய் வந்தவரை அரசமாளிகையும் ஆலைத்தொழிலாளரும் ஒருங்கே வரவேற்றனர்.

இவ்வெளிமை செல்வரின் துணையால் நிலைபெற்றதன்றோ என வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. ஜம்னாலால் பஜாஜ், பிர்லா முதலிய தனவந்தர்கள் அவருக்கு உதவினர். 1948 ஜனவரி 30 ஆந் தேதி அவர் உயிர் நீத்ததும் பிர்லா மாளிகைத் தோட்டத்திலேதான். செல்வர் தம்மைத் தருமகர்த்தாக்களாகக் கருதவேண்டும் என்ற அவரது அறிவுரையைச் செல்வர் பலர் செவிமடுத்தனர் என்று கூறவும் இயலாது. ஆயினும் அவரைச் சூழ்ந்திருந்த செல்வத்திலே அவர் தமக்கென எதையும் ஒதுக்கவில்லை. எஞ்சியவை மூக்குக்கண்ணாடி, கடிகாரம், செருப்பு, உண்கலம், சில நூல்கள் என்பன போன்ற சிலவே.

மற்றுமொன்று நம் மக்களை நினைந்து கூறவேண்டும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் தேதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் கையிலகப்பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவர்கள் உடைமை குறைந்தது துறவன்று, இழப்பு. பறிகொடுத்தவனிடம் போய்ப் பற்றறுக்கும்படி போதித்தல் பாவமாகும். அடிகளும் பசித்தவனுக்கு வறுமையைப் போதித்தாரல்லர். அவனுக்கு இராட்டினத்தையும் வேலையையும் கொடுக்கவே முயன்றார். எளிமை என்பது உள்ளவன் தானே விரும்பி ஏற்பது. வறுமை என்பது இல்லாதவன்மேற் சுமத்தப்படுவது. முன்னதை வளர்த்துப் பின்னதை ஒழிப்பதே அறம்.

அன்பார்ந்த இளைஞர்களே! நாளை நாம் தொழில் பெறுவோம், ஊதியம் வரும், ஆசைகள் அதனினும் விரைந்து வரும். அரைத்துண்டு உடுக்குமாறு எவரும் நம்மை வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் அந்த இலண்டன் மாணவன் தொடங்கிய இடத்திலே நாமும் தொடங்கலாம்: ஒரு கணக்குப் புத்தகம், ஒரு கேள்வி. இப்பொருள் யாருடைய உழைப்பால் வந்தது, யாருக்காக நம் கையில் இருக்கின்றது? இக்கேள்வியை நாள்தோறும் நேர்மையாகக் கேட்பவன் வீட்டிலே தட்டுமுட்டுகள் குறையும். மனத்திலே இடம் பெருகும். அவ்விடத்திலே பிறர் துயருக்கும் இறைவனுக்கும் இருக்கை அமைவதாகுக!