தலைப்பிரட்டைக்கும் தவளைக்கும் இடையே 85 ஆண்டுகள்

கொல்கத்தாவின் நியூ அலிப்பூரில் இன்று தலைமையகம் கொண்டுள்ள இந்திய விலங்கியல் அளவாய்வு நிறுவனம் 1916 ஜூலை 1 அன்று தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநரான நெல்சன் ஆனண்டேல், தென்னிந்திய மலைகளில் கிடைத்த, அதுவரை விவரிக்கப்படாத தலைப்பிரட்டைகள் குறித்து 1918இல் எழுதினார். அவற்றுள் ஒன்று, விரைந்தோடும் மலையோடையில் பாறையை உறிஞ்சு வாயால் பற்றி வாழ்வது. அதன் முதிர்ந்த வடிவமோ அறிவியலுக்கு அறிமுகமாகாமலே இருந்தது.

2003இல்தான் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய ஆய்வாளர் பிராங்கி போசுய்ட்டும் இடுக்கியில் கிடைத்த ஊதாத் தவளையை, நாசிகாபெட்ராக்கஸ் சஹ்யாட்ரென்சிஸ் என்ற பெயரில், தனிக் குடும்பமாக நேச்சர் இதழில் அறிவித்தனர். மரபணு ஆய்வு காட்டிய அதன் நெருங்கிய உறவினர் இந்தியாவில் இல்லை. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, சீஷெல்ஸ் தீவுகளின் மலைக்காடுகளில் வாழும் சிறு தவளைகளே அவை. அவற்றுள் கார்டினர் தவளை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உடையது. இந்தியாவும் சீஷெல்ஸும் பிரிந்து சுமார் 6.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

எனில், தலைப்பிரட்டைக்கும் தவளைக்கும் இடையே ஏன் இத்தனை நீண்ட இடைவெளி? முதிர்ந்த தவளை மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்திற்காக மிகச் சில நாட்களே வெளிவருகிறது. தலைப்பிரட்டையோ ஓடையில் மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும். இடுக்கியின் பழங்குடி மக்கள் அதை உணவுக்காகப் பிடித்து வந்துள்ளனர். ஆக, தேடுபவரின் பருவமும் உயிரியின் பருவமும் பொருந்தாதபோது ஆவணத்தில் பாதி வாழ்க்கையே பதிவாகிறது.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இது எனக்குப் புதிதன்று. திரிந்த வடிவம் ஒரு சுவடியிலும் மூல வடிவம் ஒரு வட்டார வழக்கிலும் கிடக்க, இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் கண்ணுக்காகச் சொல் காத்திருப்பதுண்டு.

2017இல் இதே பேரினத்தின் இரண்டாம் இனம், திருவில்லிபுத்தூர்ப் பகுதியின் கிழக்குச் சரிவிலிருந்து விவரிக்கப்பெற்றது. மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரைத் தாங்கிய அது, வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்வது. பெயரற்ற உயிரியைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க இயலாது. ஆகவே, அருங்காட்சியகக் குடுவையில் 'அடையாளம் அறியப்படாதது' என்று எழுதப்பட்டிருப்பதை முடிவுரையாகக் கொள்ளலாகாது. நமக்கு விடப்பட்ட வினாவாகவே அதை வாசிக்க வேண்டும்.