உருவமும் உருவாக்கமும்: கணினி வரைகலையில் மேக அசைவூட்டத்தின் வரலாறு (1982–2015)

முன்னுரை

மேகத்திற்கு மேற்பரப்பு இல்லை. காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளும் பனித்துகள்களும் செறிந்த வெளியே மேகமாகக் கண்ணுக்குப் புலப்படுகிறது. தொடக்ககாலக் கணினி வரைகலையோ பொருள்களைப் பெரும்பாலும் மேற்பரப்புகளாகவே அமைத்தது. ஆகவே மேகத்தை வரைவதும் அசையச் செய்வதும் அத்துறைக்குத் தனிச் சிக்கலாயின. இச்சிக்கலின் வரலாற்றை எளிய போலித் தோற்றத்திலிருந்து இயற்பியல் துல்லியம் நோக்கிச் சென்ற நேர்க்கோட்டு வளர்ச்சியாகக் காண்பது எளிது. அப்பார்வை பொருந்தாது என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மேகத்தின் உருவத்தை அமைத்தல், மேகம் உருவாகும் முறையை அமைத்தல் என்னும் இரு நெறிகள் தொடக்கம் முதலே இணையாக நின்றன. எந்நெறி எங்குப் பயன்பட்டது என்பதைக் கணிப்பிற்குக் கிடைத்த கால அளவும் கலைஞரின் கட்டுப்பாட்டுத் தேவையுமே பெரிதும் முடிவு செய்தன.

இரு நெறிகளின் தோற்றம்

1982-இல் ஜேம்ஸ் பிளின், நுண்துகள் திரளில் ஒளி சிதறும் முறையை வரைகலைக்குள் கொண்டுவந்தார். சனிக்கோளின் வளையங்களை வரையும் தேவையே அம்முயற்சிக்குத் தூண்டுகோல். அம்முறை ஒளி ஒருமுறை மட்டுமே சிதறுவதாகக் கொண்டது. வெண்மேகத்திலோ ஒளி துளிக்குத் துளி பலமுறை சிதறுகிறது. அதன் வெண்மைக்கு அதுவே காரணம். 1984-இல் ஜேம்ஸ் கஜியாவும் பிரையன் வான் ஹெர்ட்சனும் வெளியை முப்பரிமாணக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் அடர்த்தி மதிப்பளித்து, பன்முறைச் சிதறலுக்குத் தோராயத் தீர்வொன்றை முன்வைத்தனர். மேக இயக்க மாதிரிகளைக் கொண்டு அசைபடமும் உருவாக்கினர்.

மறு ஆண்டே கிரம்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்ட்னர் வேறுவழி கண்டார். அவர் மேகத்தை நீள்வட்டத் திண்மங்களின் தொகுதியாகக் கொண்டார்; சைன் அலைகளைக் கூட்டிப் பெற்ற இழைநயத்தை அவற்றின்மேல் படர்த்தி, விளிம்புகளை ஒளிபுகச் செய்தார். இதில் வளிமண்டல இயற்பியலுக்கு இடமில்லை. அதே 1985-இல் கென் பெர்லின் வெளியிட்ட இரைச்சல் சார்பும் இந்நெறிக்கு வலுவூட்டியது. இயற்பியல் மாதிரி முன்னும் தோற்ற மாதிரி பின்னும் வந்துள்ளமை இங்குக் கருதத்தக்கது.

இடைவழி

2000-இல் யோஷினோரி டோபாஷி, டொமொயுகி நிஷிட்டா முதலியோர் இரு நெறிகளுக்கும் இடையே ஒரு வழி வகுத்தனர். காய் நாகெல், எர்ஹார்ட் ராஷ்கே ஆகியோரின் 1992-ஆம் ஆண்டு மாதிரியை அவர்கள் விரிவாக்கினர். அதில் ஒவ்வொரு கட்டமும் ஈரப்பதம், நிலைமாற்றத் தூண்டல், மேகம் ஆகியவற்றிற்கு ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் மதிப்பையே ஏற்கும். அண்டைக் கட்டங்களின் நிலையைப் பொறுத்து அம்மதிப்புகள் படிப்படியாக மாறும். மேகம் கலைந்து மறைவதையும் காற்றால் நகர்வதையும் இவர்கள் புதிதாகச் சேர்த்தனர். பாய்ம இயக்கச் சமன்பாடுகளைத் தீர்க்காமலே மேகம் திரண்டு கலையும் காட்சி குறைந்த கணிப்பில் கிட்டியது.

தோற்ற நெறியின் மீள்வரவு

2015-இல் கெரில்லா கேம்ஸ் நிறுவனத்தின் ஆண்ட்ரூ ஷ்னைடர், ‘ஹொரைசன் ஸீரோ டான்’ விளையாட்டுக்கான மேக அமைப்பை விளக்கினார். நொடிக்கு 30 சட்டங்கள் எனில் ஒரு சட்டத்திற்குக் கிடைப்பது ஏறத்தாழ 33 மில்லிநொடி; அதில் மேகத்திற்குரிய பங்கு மிகச் சிறிது. ஆகவே அவ்வமைப்பு பெர்லின் இரைச்சலையும், ஸ்டீவன் வொர்லி 1996-இல் அறிமுகப்படுத்திய இரைச்சலையும் இணைத்து மேகத்தின் அடர்த்தியை வரையறுத்தது. ஒளிச்சிதறலுக்கு இயற்பியல் சார்ந்த தோராயங்கள் பயன்பட்டன. உருவமோ இரைச்சலிலிருந்தே பெறப்பட்டது.

முடிவுரை

ஷ்னைடரின் அமைப்பில் படைமேகம், படைத்திரள் மேகம், திரள்மேகம் என்னும் வகைமை, உயரத்திற்கேற்ப அடர்த்தியை மாற்றும் அளவுருவாகச் செயல்படுகிறது. இவ்வகைமையின் வேர், லூக் ஹோவர்ட் 1802-இல் இலண்டனில் நிகழ்த்திய உரையில் உள்ளது. தோற்றத்தைக் கொண்டு மேகங்களுக்குப் பெயரிட்ட அவரது முறை, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் மேகத்தை ஆக்கும் கருவியாகியுள்ளது. எனவே ‘மெய்ம்மைத் தோற்றம்’ என்பதை இயற்பியல் துல்லியத்தால் மட்டும் அளப்பது இத்துறையின் வரலாற்றைக் குறுக்கிவிடும். எவ்வளவு நேரத்தில், யாருடைய கட்டுப்பாட்டில், எந்நோக்கிற்காக ஆக்கப்பட்ட மேகம் என்னும் வினாக்களும் அவ்வரலாற்றுக்கு உரியவை.